தளபதி ராய்கோ படுத்த கட்டில்

“தளபதி ராய்கோ படுத்த கட்டில் எது?”

கேட்டது, பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மாள். கிரூம் விழித்தார். கமென்தோல் மலையூர் அருங்காட்சியகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர், வழிகாட்டி, விளக்கேற்றுபவர் எல்லாம். துருக்கியரை எதிர்த்த தளபதிகள் அத்தனை பேரும் அவருக்கு மனப்பாடம். ராய்கோ என்று ஒருவரும் கிடையாது.

அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மாள் கிளம்பிவிடுவாள். நவம்பர் மாதம். நிறம் மாறிய இலைகளைப் பார்க்க வந்தவர்கள் இறங்கிப் போயாயிற்று, பனிச்சறுக்குக் கூட்டம் இன்னும் ஏறவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. இங்கேயோ பஞ்சடைத்த கரடி ஒன்றுதான். அதனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

“இதோ, இதுதாம்மா” என்று ஒரு கட்டிலைக் காட்டினார்.

அம்மாள் அளந்து பார்த்தாள். “அவர் நல்ல உயரமாச்சே?”

“காலை மடக்கித்தான் படுப்பார். வீரர்கள் நீட்டிப் படுக்க மாட்டாங்க.”

“ஆமாமா, மடக்கித்தான்!” அவள் முகம் மலர்ந்தது. “எதிரிங்க வந்தப்போ எங்க ஒளிஞ்சார்?”

அதற்கும் ஓர் இடம் வேண்டுமே! அடுத்த தெருவில் நைதன் சீஸ் பழுக்க வைக்கும் நிலவறைக்கு அழைத்துப் போனார். இருட்டும் ஈரமுமாக, ஒளிவதற்குத் தோதாகத்தான் இருந்தது. அதற்குள் நைதன் கையில் கத்தியுடன் வந்துவிட்டான்.

“யாருய்யா உள்ள? கிரூமா? என் தாத்தா தோண்டின குழியில உனக்கென்ன வேலை?”

“பாத்தீங்களாம்மா? தளபதிக்கு அடைக்கலம் குடுத்தது இவன் தாத்தாதான்!”

நைதன் வாயைத் திறந்தான். தாத்தாவுக்குக் கிடைத்த பெருமையை விட மனமில்லாமல் மூடிக்கொண்டான். பெரிய துண்டாகச் சீஸ் வெட்டிக் கொடுத்து, தன் பங்குக்கு அள்ளி விட்டான். “எங்க தாத்தா மடியிலதாம்மா அவர் உசிரு போச்சு!”

கிரூமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்த ஆளுக்குக் கல்லறை வேண்டுமே!

அம்மாள் கேட்டேவிட்டாள். “எங்க புதைச்சாங்க?”

தேவாலயத்துக்குப் பின்னால் உடைந்த கல்தொட்டி ஒன்று பாதி மண்ணில் புதைந்து நின்றது. ஆடுகள் தண்ணீர் குடித்த தொட்டி. “பேரெல்லாம் மழையில அழிஞ்சுபோச்சு” என்றார் கிரூம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அம்மாள் வேலியோரச் சாமந்தியில் இரண்டு பறித்து வைத்தாள். பிறகு, தொட்டியைத் தடவியபடி அழ ஆரம்பித்தாள்.

கிரூம் தொப்பியைக் கழற்றினார். போதும், உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். “அம்மா, ஒரு விஷயம்...”

“கடைசியா ஏதாவது சொன்னாராய்யா?”

கிரூமுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் மனைவி கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“‘சூப் ஆறிடும், நீ போய்ச் சாப்பிடு’ன்னார்.”

அம்மாள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். “அவரே தான்!” என்றாள். இருவரும் தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சீஸைத் தின்றார்கள். அந்த இலையுதிர் காலத்தில் கிரூம் தனியாகச் சாப்பிடாத முதல் சாப்பாடு அது.

சாயங்கால பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். ஓட்டுநர் பெஞ்சோ சிகரெட் பற்றவைக்க இறங்கினான். கிரூம் அவனை ஓரமாக இழுத்தார்.

“பெஞ்சோ, எனக்கு மானம் போகப்போகுது. அந்தம்மா கீழ போய் யார்கிட்டயாவது தளபதி ராய்கோன்னு விசாரிச்சா நான் செத்தேன். காலையில இருந்து வாய் கூசாம புளுகியிருக்கேன்!”

பெஞ்சோ ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். பற்றவைக்காமலே சிகரெட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ராய்கோ அந்தம்மாவோட வீட்டுக்காரர்ணே, எங்க டிப்போவுல பஸ் ஓட்டிட்டு இருந்தவரு, போன வருஷம் செத்துட்டாரு, அதுலேருந்து அவரைத் தளபதின்னு சொல்லிக்கிட்டு வாரத்துக்கு ஒரு ஊரா ஏறி இறங்கி இதையேதான் கேக்குது, எல்லாரும் ‘அப்படி ஒருத்தர் இல்லை’ன்னே சொல்லி அனுப்புறாங்க.”