பதினாலாம் பக்கமும் புதுநன்மைச் சட்டையும்

எங்கள் தெருவில் எந்த மெஷினும் 'பதினாலாம் பக்கம்' வந்து சம்மதம் சொல்லாமல் ஓடத் தொடங்கியதாகச் சரித்திரமே இல்லை. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். அவர்கள் லீவுக்கு வரும்போது பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். சாமானோடு, அதை ஓட்டும் விதம் சொல்லித் தடிமனாக ஒரு புத்தகமும் வரும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அந்தப் புத்தகத்துக்காக ஒருவர் வாசலில் நிற்பார். அவர்தான் பதினாலாம் பக்கம்.

அவருடைய உண்மைப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்திருக்கும். கத்தாரில் இருபது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். யார் வீட்டில் எது மக்கர் செய்தாலும், "பதினாலாம் பக்கத்த எடு" என்பார். எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்திலேயா மருந்து இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் வீட்டிலோ ஒரு மிக்ஸிகூடக் கிடையாது. அவர் மனைவி, எங்கள் மாமி, அம்மியில் அரைத்து, கல்லில் துவைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவரிடம் கேட்டால், "கல்லுக்குப் புஸ்தகம் இல்லயே மக்கா, எனக்கு அதுல என்ன வேல?" என்பார்.

மெஷினுக்கு மனிதனைவிட அறிவு அதிகம் என்பது அவர் கட்சி. மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கு, அறையில் ஆள் இருப்பதைத் தானே கண்டுபிடிக்கிற ஏசி வந்தது. ஆள் அசையாவிட்டால் அறை காலி என்று முடிவுகட்டி நின்றுவிடும். அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபமாலை. பக்தியாக முழங்காலில் இருந்தால் மாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் ஏசி அணைந்துபோகும். பதினாலாம் பக்கம் புத்தகத்தைப் படித்துத் தீர்ப்பு சொன்னார்: "மெஷின்மேல தப்பு இல்ல. ஒராள் மட்டும் நின்னு கைய வீசட்டும்." அன்றிலிருந்து அங்கே நாலு பேர் ஜெபம் சொல்ல, ஒருவர் கை வீசினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் யாரையோ பஸ் ஏற்றி அனுப்புவதுபோல இருக்கும்.

இன்னொரு வீட்டில் பதம் பார்த்துத் தானே சோறு வைக்கிற குக்கர். ஒன்றேகால் மணி நேரமாகியும் சோறு வரவில்லை. "பேசாம இருங்க, அது யோசிக்குது" என்றார். பசியோடு நாங்களும் யோசித்தோம்.

இதெல்லாம் உபகாரமா உபத்திரவமா என்ற குழப்பம் எனக்கு முற்றியது 2009 வாக்கில், அக்கா மகள் ஷைனி புதுநன்மை வாங்கிய அன்று. முதல் முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அத்தானுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. அவர் அனுப்பிய துணியில் ஏழு அடுக்கு வலை வைத்துத் தைத்த வெள்ளைச் சட்டை. ஒன்பது மணிக்குப் பூசை. ஆறரைக்கே ஷைனி, "ஒரு தடவ போட்டுப் பாக்கேன்" என்று போட்டாள். போட்டதும் ஒரு டம்ளர் சாயாவை அதன்மேல் கவிழ்த்தாள்.

நான் வாளியை எடுத்தேன். அக்கா போட்ட சத்தத்தில், பூசைக்கு வெள்ளை வேட்டி சட்டையோடு கிளம்பி நின்ற பதினாலாம் பக்கம் ஓடி வந்து வாளியைப் பிடுங்கினார்.

"வாளியா? ஏழு அடுக்கையும் பிச்சிருவ. வாஷிங் மெஷின்ல மெல்லிசுத் துணிக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. நாப்பது நிமிஷம். மிச்சம் மெஷினுக்குத் தெரியும்."

"கூட ரெண்டு துணி போடட்டா மாமா?" என்றாள் அக்கா.

"புதுநன்மைச் சட்டைக்கக் கூட மீன்வாடைத் துணியா? ஏட்டி, நீ வேதக்காரிதானா?"

சட்டை தன்னந்தனியாக உள்ளே போனது. கதவு பூட்டிக்கொண்டது. அரைமணி நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. இன்னும் ஒன்பது நிமிடம் என்று எண் காட்டியது. பிழிய வேண்டியதுதான் பாக்கி. டிரம் நாலு சுற்று சுற்றியது, நின்றது, மறுபடி தண்ணீர் எடுத்துக்கொண்டது. ஒன்பது, இருபது ஆனது. இருபது, ஒன்பதுக்கு இறங்கியது. திரும்பவும் இருபது. மணி எட்டானபோதும் எங்களுக்கு ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தது.

"இந்தச் சவத்துக்கு மணி பாக்கத் தெரியாதா?" என்று அக்கா கத்தினாள்.

ஷைனி பெட்டிகோட்டோடு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "பாட்டா, இனி எனக்கு நன்ம தரமாட்டாங்களா?"

அவர் புத்தகத்தைத் திறந்தார். பதினாலாம் பக்கத்தில் மெஷினை எப்படித் தூக்குவது என்று படம்தான் இருந்தது. விஷயம் முப்பத்தொன்றாம் பக்கத்தில். ஒற்றைத் துணி போடக்கூடாது. கனம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் மெஷின் பிழியாது, தானே சரிசெய்யப் பார்த்துக்கொண்டே இருக்கும். படித்து முடித்தவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அறிவு கூடிப்போச்சு மக்கா அதுக்கு" என்றார் மெதுவாக. "எதிர்க்கனத்துக்குத் துணி வேணும். வெள்ளத் துணியாட்டு."

தண்ணீரை இறக்கிக் கதவைத் திறந்தோம். அக்கா அலமாரியைக் கவிழ்த்தாள். வந்ததெல்லாம் சாயம் போகிற சேலையும் லுங்கியும். திரும்பிப் பார்த்தால், பதினாலாம் பக்கம் என் லுங்கியைச் சுற்றிக்கொண்டு வெற்று மார்போடு நிற்கிறார். அவருடைய வேட்டியும் சட்டையும் டிரம்முக்குள் கிடந்தன.

"அழாத பிள்ள, ஒனக்க சட்டைக்குத் தொண போட்டாச்சு."

இந்தத் தடவை மெஷின் மறுபேச்சுப் பேசாமல் பிழிந்து தந்தது. ஷைனியின் சட்டையைத் தேய்த்து முடித்து, இஸ்திரிப்பெட்டி அவர் வேட்டியைத் தொட்ட நிமிஷம் கரண்ட் போனது. வீட்டுக்குப் போய் வேறு உடுத்தி வரச் சொன்னேன். "அதுக்குள்ள பிள்ள வரிசையில போயிருமே, அதப் பாக்காண்டாமா?" என்று ஈரத்தையே உடுத்திக்கொண்டார். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்தவரும் நனைவார் என்று, பூசை முடியும்வரை கோயில் வாசலிலேயே கடல்காற்றில் நின்றார். உள்ளே பாட்டு உயரும்போதெல்லாம் நடுவில் அவர் தும்மல் கேட்டது.

அந்த மெஷின் எங்களைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதை ஆட்டிவைத்த மனிதரைப் பற்றியும் அதே குழப்பம்தான். ஆனால் அவர்மேல் எனக்கு இருப்பது கொள்ளைப் பிரியம். அதில் மட்டும் சந்தேகம் கிடையாது.

அன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எடுத்த போட்டோவை அத்தானுக்கு அனுப்பினோம். கிடைத்ததும் போன் செய்தார்.

"எனக்க பிள்ளைக்குப் பக்கத்துல நனைஞ்சு மூஞ்சியப் பொத்திட்டு நிக்குற ஆளு யாருட்டி?"

அக்கா சாயா, புரோகிராம், எதிர்க்கனம் என்று பத்து நிமிஷம் விளக்கினாள். அத்தானுக்கு ஒன்றும் விளங்காமல் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். ஷைனி பொறுமையிழந்து போனைப் பிடுங்கினாள்.

"நம்ம வீட்டு ஆளுதாம்ப்பா."