வேலைக்கு வராத கித்துள் மரம்

உலகத்திலேயே மரங்களுக்கு அரைப்பேர் போட்ட ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய மேற்பார்வையாளர் கண்டாக்கையாதான். தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அரைநாள் கூலி, அதுதான் அரைப்பேர். நடந்தவை வரிசையாக:

1. தேயிலை மலையில் ஆயுள் முழுக்க வேலை வாங்கிவிட்டு ஓய்வுபெற்றார்.
2. சும்மா இருக்க முடியாமல், கினிகத்தேனைப் பக்கம் கித்துள் பனையின் பதநீரைப் பாணியாகக் காய்ச்சி விற்கும் எங்கள் சங்கத்துக்குத் தலைவரானார்.
3. மறுநாள் காலையே தொப்பியும் குடையுமாக தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதுபோல் மரங்களுக்குப் பெரட்டு எடுத்தார்.
4. பதநீர் குறைந்த மரங்களில் சுண்ணாம்பால் பாதிக் கோடு கிழித்தார். அரைப்பேராம்.

தோப்பைப் பராமரிப்பது என் பொறுப்பு. விவசாயம் படித்தவள். கித்துள் சில வருஷம் பாளை விட்டுப் பிறகு பட்டுப்போகும். எங்கள் மரங்கள் எல்லாம் கிழடு. வந்த பாளையையெல்லாம் சீவியதால் விதை விழவில்லை, ஒரு கன்றும் இல்லை. இப்படியே போனால் பாணி காய்ச்சும் பெண்களுக்குப் பிழைப்பு இருக்காது. அதனால் நன்றாக ஊறும் பெரிய மரம் ஒன்றின் புதுப் பாளையைக் காய்க்க விடச் சொல்லியிருந்தேன்.

அது ஐயாவின் கண்ணில் பட்டது.

"ஏம்மா, இது ஏன் சும்மா நிக்குது? ஒரம் மட்டும் திங்குதில்ல? டேய் செல்வம், ஏறுடா!"

மரமேறும் செல்வம் பாதி ஏறிவிட்டான்.

"வேணாங்க ஐயா! விதைக்கு விட்டதுங்க!"

"சீசன் நேரத்துல என்னா வெத?"

"ஏறவா, எறங்கவா?" என்றான் செல்வம். "கால் நடுங்குதுங்க!"

என் அம்மாவுக்கு எத்தனையோ முறை அரைப்பேர் போட்டவர் இவர். ஆனால் வயிற்றில் நான் இருந்தபோது, செங்குத்து மலைக்கு அனுப்பாமல் கீழ்மலையிலேயே கொழுந்தெடுக்க வைத்தவரும் இவர்தான்.

"ஐயா, அது பிள்ளைத்தாச்சிங்க. அந்தப் பாளை காய்ச்சாத்தான் கன்னு வரும்."

தொப்பியைக் கழற்றினார். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குடா எருமை! பிள்ளைத்தாச்சி மேலயா ஏறுற?"

அந்த யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணி ஊர்க் கடைகளுக்குப் பாணி குறைந்தது. கடைக்காரர்களின் ஏச்சையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். என் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

பிறகு காய் பழுத்தது. மரநாய்கள் தின்று தோப்பெங்கும் விதை போட்டன. இப்போது கன்றுகள் முழங்கால் உயரம். அவை பாளை விடப் பல வருஷங்கள் ஆகும். அன்றைக்கும் ஐயா கீழே நின்று யாரையாவது ஏச வேண்டும்.