மணியில் ஒட்டாத புரதம்

"மீட்டர் சரியில்ல," என்றார் ஜெயப்பிரகாஷ்.

புரதத்தை அளக்கும் அந்த மீட்டர் காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் பூஜ்யம் காட்டியிருந்தது. அதற்கு முன்னால் பம்பு சரியில்லை, கரண்ட் சரியில்லை, கல்வராயன் மலைத் தண்ணீர் சரியில்லை. ஜெயப்பிரகாஷ் மட்டும் எப்போதும் சரியாகவே இருந்தார்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்தது அவருடைய ஆய்வுக்கூடம். மரபணு மாற்றிய புகையிலைச் செடியை வளர்த்து, அதன் இலையிலிருந்து மனிதப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுப்பது வேலை. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணை ஆற்றும் புரதம். இலையை அரைத்து, சாற்றை வடிகட்டி, பொடி மணிகள் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். புரதம் மணிகளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு உப்புநீர் விட்டு அதைக் கழற்றி எடுக்கலாம். ஒட்டாததெல்லாம் கீழே பக்கெட்டில் விழும். விழுவதைக் கொதிக்க வைத்து அழிக்க வேண்டும் என்பது விதி. அழித்ததாகப் பதிவேடு சொன்னது.

புரதத்தை எடுத்துவிட்டதாக ஆறு மாதமாக அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார் ஜெயப்பிரகாஷ். அதைக் கண்ணால் பார்க்க, முதல் போட்ட கம்பெனியின் நிபுணர் பொன்னுரங்கம் சென்னையிலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார். புரதம் இல்லையென்றால் கூடத்துக்குப் பூட்டு.

"சார், சாறு புளிப்பு ஜாஸ்தியா இருக்குது. அதான் ஒட்ட மாட்டேங்குது," என்றாள் உதவியாளர் சந்தியா. "கொஞ்சம் கம்மி பண்ணிப் பாக்கலாமா?"

"நீ டாக்டர் பட்டம் வாங்குனியா, நான் வாங்குனனா?"

"நீங்கதான் சார்."

"அப்ப பம்பை ஏத்து."

ஏற்றினாள். குழாயின் மூடி தெறித்தது. பச்சை நுரை கூரைவரை போய், ஜெயப்பிரகாஷின் புது வெள்ளைக் கோட்டில் வந்து இறங்கியது.

நுரையை அடக்கத் தேங்காய் எண்ணெய் விட்டார். நுரை அடங்கியது, வடிகட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க வெந்நீர் விட்டார். மிச்சமிருந்த சாறும் திரிந்து போனது.

"இலைய ஒழுங்கா கழுவியிருந்தா இப்பிடி ஆவுமா?" என்று இருசம்மாளிடம் பாய்ந்தார். இலை கழுவுவதும் பக்கெட் கொட்டுவதும் அவள் வேலை.

"மூணு தண்ணி ஊத்திக் கழுவினேங்க."

"எதுத்துப் பேசாத. கரீம் கடைக்குப் போயி ஆறு முட்டை வாங்கினு வா."

"இன்னாத்துக்குங்க? சோறு கொண்டாரலீங்களா?"

"போன்னா போ!"

வெள்ளைக்கருவும் புரதம்தான், எந்த உயிரின் புரதம் என்று அந்த மீட்டர் கேட்காது. ஜெயப்பிரகாஷின் பத்து வருடப் படிப்பு முதன்முதலாகப் பயன்பட்டது அந்த இடத்தில்தான். உப்புநீரில் வெள்ளைக்கருவைக் கலக்கி, வடிகட்டி, சின்னச் சோதனைக் குழாய்களில் நிரப்பி, தூய புரதம் என்று சீட்டு ஒட்டினார். சந்தியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொன்னுரங்கம் வந்தார். மீட்டரைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒரு கிலோ இலையில இருந்து இவ்ளோவா?"

"நம்ம முறை அப்படிங்க சார்."

"சூடு பண்ணாலும் கெடாதுன்னு அறிக்கையில எழுதியிருக்கீங்களே. ஒரு குழாயைக் கொதிக்கிற தண்ணியில வைக்கச் சொல்லுங்க, பாப்போம்."

அப்படி எழுதியது ஜெயப்பிரகாஷுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சந்தியா வைத்தாள். பளிங்கு போலிருந்த திரவம் கலங்கியது. வெளுத்தது. கட்டியாக உறைந்தது. அறை முழுக்க ஒரு பழகிய வாசனை பரவியது.

பொன்னுரங்கம் குழாயை மூக்கருகே கொண்டுபோனார்.

"மிளகுத்தூள் இருக்குங்களா?"

பத்தே நிமிடத்தில் கடிதம் தயாரானது. நாளையிலிருந்து கூடம் கிடையாது. இந்தச் செடியில் அந்தப் புரதம் உருவாகவே இல்லை என்று ஒரு வரியும் அதில் இருந்தது. ஜெயப்பிரகாஷ் பிடித்துக்கொள்ள அந்த வரி போதும்.

"நான் அப்பவே நினைச்சேன் சார், செடி சரியில்ல."

சந்தியா கோட்டைக் கழற்றி மடித்தாள். இரண்டு வருட வேலை. அடுத்தது எங்கே என்று தெரியவில்லை.

பொன்னுரங்கம் கார் கதவைத் திறக்கும்போது இருசம்மாள் தயங்கித் தயங்கி அருகே வந்தாள்.

"ஐயா, மூடறதுக்கு மின்னாடி அந்தப் பக்கெட்டுத் தண்ணிய மட்டும் ஒரு கொடம் ரொப்பிக்கட்டுங்களா? எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா ஆறாத சக்கரைப் புண்ணு. தெனம் அத்த ஊத்திக் கழுவிக்கினு வந்தாரு, ஒரு காலுப் புண்ணு சுத்தமா மூடிக்கிச்சுங்க. இன்னொரு காலு பாக்கி இருக்குது."