இயக்குநர் உண்டா, இல்லையா?

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இயக்குநர் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என விசாரித்து, இல்லையென்றால் மேற்படி பதவியைப் பொதுநலன் கருதி ஒழித்துவிட ஒரு குழு போட்டார்கள். நல்ல ஏற்பாடு. அந்த இயக்குநர் நான்தான் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆட்சேபணை இல்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது. நான் பதவியேற்ற அன்றே லிஃப்ட் கெட்டது, அதிலிருந்து யாரும் மேலே வருவதில்லை. நானும் பின்படிக்கட்டில் வந்து பின்படிக்கட்டிலேயே போய்விடுவேன். கோப்புகள் கயிறு கட்டிய கூடையில் ஏறி வரும். எல்லாவற்றிலும் ‘ஆவன செய்க’ என்று எழுதி இறக்கிவிடுவேன். எது ஆவன என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே செய்திருப்பேனே!

விசாரணையன்று அடித்துப் பிடித்துக் கீழே ஓடினேன். வேலை போனால் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது? வாசலில் இருந்தவர் என்னை நிறுத்தி, "மனு கொடுக்க வந்தவங்கல்லாம் பின்னாடி உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

முதலில் ஹெட்கிளார்க் எழுந்தார். அவர் என் பக்தர் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஐயா, இந்த ஆபீஸைக் கொஞ்சம் பாருங்க. ஏழாம் ஜன்னல்ல கேட்டா எட்டுக்குப் போங்கிறாங்க. எட்டுல கேட்டா ஏழுக்குப் போங்கிறாங்க. ஒருத்தர்கூட காரியம் முடிஞ்சு வெளிய போனதில்ல. இவ்வளவு கச்சிதம் தானா அமையுமா? யோசிச்சுத் திட்டம் போட்ட ஒரு மூளை மேல இருந்தே ஆகணும்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பற்றி வீட்டில்கூட யாரும் இப்படிப் பேசியதில்லை.

அக்கவுன்டன்ட் அம்மா விடவில்லை. "அட, நீங்க வேற! ஒழுங்கா வேலை செஞ்சவங்க ஜன்னல்ல கூட்டம் மொய்ச்சுது. தாங்காம அவங்க ஓடிட்டாங்க. அடுத்த ஜன்னலுக்குத் தள்ளிவிட்டவங்க பொழைச்சுக்கிட்டாங்க. பொழைச்சவங்கதான் இப்ப உட்கார்ந்திருக்காங்க. இதுக்கு எதுக்கு மூளை? சரி, திட்டம்னே வச்சுக்குவோம். குடிநீர் ஆபீஸ்ல குடிக்கத் தண்ணி இல்லையே, அது யார் போட்ட திட்டம்?"

"அவர் நோக்கம் நமக்கெல்லாம் புரியாதும்மா" என்றார் ஹெட்கிளார்க், கண்ணை மூடிக்கொண்டு.

எனக்கு ஒரு நோக்கமும் இல்லை. குழாய் ரிப்பேர் கோப்பை எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு மேல் பொறுக்காமல் எழுந்து, "நான்தாங்க அந்த இயக்குநர்!" என்றேன்.

குழுத்தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஓ! இந்த ஜன்னல் ஏற்பாடெல்லாம் உங்களோடதா? ஆமான்னா உங்க மேல நடவடிக்கை. இல்லைன்னா எதுக்குச் சம்பளம்?"

"நல்லது நடந்ததெல்லாம் நான் செஞ்சது சார். மத்ததெல்லாம் தானா நடந்தது."

"நல்லது என்ன நடந்தது?"

திருதிருவென்று முழித்தேன். பாவம், கூட்டமே எனக்காக யோசித்துப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

ஹெட்கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? சேச்சே! நம்ம இயக்குநர் இப்படி முழிக்கவே மாட்டாரு." அக்கவுன்டன்ட் அம்மாவும் முதல்முறையாக அவரோடு ஒத்துப்போனார். "இவர் எதையும் திட்டம் போட்டிருக்க வாய்ப்பே இல்லைங்க."

முடிவு அறிவிக்கப்பட்டது: இயக்குநர் பதவி மிகவும் அவசியம், அதில் ஆள் இருப்பது அவசியமில்லை. என் அறையைப் பூட்டி, ‘இயக்குநர்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். என்னைக் கருணை அடிப்படையில் புகார் ஜன்னலில் உட்காரவைத்தார்கள்.

இப்போது யாராவது கத்தினால் விரலை மேலே காட்டி, "மேல சொல்லியிருக்கேங்க, அவர் பார்த்துப்பார்" என்கிறேன். நிம்மதியாகப் போகிறார்கள். நான் மேலே இருந்தவரை ஒருத்தரும் அப்படிப் போனதில்லை.

போன வாரம் அந்த ஜன்னல் எனக்கே தாங்கவில்லை. இடமாற்றம் கேட்டு மனு எழுதிக்கொண்டு மாடி ஏறினேன். உள்ளே ஆளில்லை என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தாலும் கதவுக்கு அடியில் செருகினேன். போகவில்லை. குனிந்து பார்த்தால் ஏகப்பட்ட மனுக்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அக்கவுன்டன்ட் அம்மாவுடையது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, இயக்குநர் கண்ணில் முதலில் படும்படி என்னுடையதை வைத்துவிட்டு வந்தேன்.