மூணுநாள் அண்ணனும் எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையும்

மலேசியாவில் எங்கள் அசாம் ஜாவா வட்டாரத்தில் சிமெண்டுத் தரையைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் மூணுநாள் அண்ணன்தான். தரைக்குப் பலகை பதிப்பவர். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட யோசிக்க மூன்று நாள் கேட்பார் என்று ஊரில் சொல்வார்கள்.

என் மனைவிக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. சில்லென்ற சிமெண்டில் கால் ஊன்றவே பயந்து நாற்காலியே கதியென்று கிடந்தாள். அவள் மறுபடி நடக்க வேண்டுமே என்றுதான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை வந்தார். முட்டி இரண்டும் கடகடக்க மண்டியிட்டார். தரையைத் தட்டினார், முகர்ந்தார், ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார்.

"கீழருந்து ஈரம் ஏறுதான்னு பாக்கணும். மூணு நாள் கழிச்சுத்தான் சொல்லுவேன்."

"இருபது வருஷத்துத் தரைண்ணே! எப்பவோ காஞ்சிருச்சு."

"உங்களுக்குத் தெரியாது லா."

ஞாயிற்றுக்கிழமை உரித்தால் தாளுக்கடியில் முத்து முத்தாக நீர். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம், மறந்துபோன டேப்பை எடுக்க வெள்ளிக்கிழமை காலையில் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி நாற்காலியிலிருந்து உத்தரவு போட, நான் ஹாலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அடப்பாவி! நான் பூமியச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க வாளியோட நிக்கிறீங்களே!"

"தோட்டத்து லயத்துல இருந்த காலத்துலேருந்து வெள்ளிக்கிழமை கழுவித்தான் வெளக்கு ஏத்துறோம்" என்றாள் மனைவி.

"பலகை மேல ஊத்துனா உப்பிரும் தங்கச்சி."

"அப்ப பலகையே வேணாண்ணே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் ஹால் சுவரோரம் இருந்த சாமி மாடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகென்ன, மூன்று நாள் கேட்டார்!

நாலாம் நாள் வந்து, "ஒரு வழி இருக்கு, தரை காயற வரைக்கும் மட்டும் கழுவாதீங்க" என்றார்; மனைவியும் அரைமனதாகச் சரி என்றாள். தரை காய்ந்ததும் வேலை தொடங்கியது. அடியில் விரிக்க, விரல் தடிமனுள்ள ஃபோமைக் காட்டினேன். "மெத்துன்னு இருக்கட்டுமேண்ணே."

"மெத்தை போட்டா பலகை ஆடும், இணைப்பு விட்டுரும். பயந்து பயந்து நடக்கறவங்களுக்குத் தரை ஆடக் கூடாது லா."

ஈரம் ஏறாமல் முதலில் கெட்டி பிளாஸ்டிக், அதன்மேல் மெல்லிய, அழுத்தமான ஃபோம், அப்புறம் பலகை. எல்லாம் முடிந்து பார்த்தால், சாமி மாடத்துக்கு முன்னால் மட்டும் இரண்டடிச் சதுரம் வெறும் சிமெண்டாகவே இருந்தது. சுற்றிலும் தண்ணீர் தாண்டாதபடி விளிம்பு கட்டியிருந்தார்.

"அங்க கழுவிக்க, தங்கச்சி. ஆனா நீயே நடந்து வந்து கழுவணும்."

மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பலகைமேல் ஏழெட்டு அடி நடந்தாள்.

அண்ணன் இப்போது கெர்லிங்கில் மகன் வீட்டில் இருக்கிறார், மண்டியிட முடிவதில்லையாம். வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சதுரத்தைக் கழுவி விளக்கேற்றும்போது, என் மனைவி அவருடைய முட்டிக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறாள்.