வேடியப்பன் பேரிங் வாங்கினார்

தரம் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுக்கும் சாமானை இவர்கள் தொடவே மாட்டார்கள். தொட்டால் கௌரவம் என்ன ஆவது? அடுத்ததைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இது ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் நம்ப மாட்டார்கள். சொல்லாவிட்டால் சந்தேகம் உறுதி.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் இந்த இனத்துக்குத் தலைவராக விளங்கியவர், மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், வேலை பார்த்த வேடியப்பன். அவருடைய மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடித்தால் ஹேண்டில்பார் கடகடவென்று ஆடியது. ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மனைவி ஜோதியம்மாளின் கவலை வேறு. கீழ்பென்னாத்தூரில் உண்ணாமலைக்கு வளைகாப்பு. தாயில்லாத அந்த அக்கா மகளைத் தூக்கி வளர்த்தவள் இவள். முதல் வளையல் இவள் கையால்தான் என்று பேச்சு. நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

"பஸ்ல போயிடலாங்க."

"வண்டி எதுக்கு இருக்குது? நல்ல பேரிங்கா போட்டுட்டா வெண்ண மாதிரி திரும்பும் பாரு."

நல்ல பேரிங் லேசில் கிடைத்துவிடுமா? டவுனில் இருந்த கடைகளிலெல்லாம் இரும்புக் குண்டுகளைக் கண்ணாடி மேசையில் உருட்டிவிட்டு, குனிந்து காதை வைத்து, "சத்தம் ஜாஸ்தியா இருக்குதே" என்று உதட்டைப் பிதுக்கினார். வேலூருக்குப் போனார், அங்கே சத்தம் கம்மியாக இருந்தது, அதுவும் சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் புரியாத எழுத்து அச்சடித்த ஒரு டப்பா அகப்பட்டது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவரை நிறுத்தி டப்பாவைக் காட்டினார். அவர் புன்னகைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இதைவிட வேறென்ன சர்டிபிகேட் வேண்டும்?

இத்தனை தரமான சாமானை வெறுமனே மாட்டலாமா? புது வண்டிக்குப் பூஜை போடுவது ஊர் வழக்கம். இவர் பேரிங்குக்கே போட்டார். அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு வைத்த பேரிங்குக்குக் குருக்கள் மேலாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். வேடியப்பனுக்கு அது போதவில்லை. குண்டு குண்டாக எடுத்துச் சந்தனம் அப்பி, திருநீறு தூவி, குங்குமமும் வைத்து, மெக்கானிக் இருசப்பனிடம் பயபக்தியோடு ஒப்படைத்தார்.

"கெரசின்ல அலசிட்டு கிரீஸ் வெச்சுப் போட்டுடறேங்க."

"சாமி பிரசாதத்த கெரசின்ல கழுவுவியா? அப்படியே மாட்டு."

இருசப்பனுக்குப் பசி நேரம். அப்படியே மாட்டிவிட்டார்.

வளைகாப்பு அன்றைக்குள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, டவுனுக்குள் முக்கி முக்கித் திருப்பிச் சமாளித்தார். கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் ரோடு வளைந்தது, ஹேண்டில்பார் வளையவில்லை. வண்டி நேராகச் சேற்று வயலில் இறங்கியது. அடி ஒன்றும் இல்லை. ஜோதியம்மாள் பம்ப்செட்டில் பட்டுப்புடவையை அலசி, ஈரத்தோடு நடந்து போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா முதல் வளையலைப் போட்டு முடித்திருந்தாள். உண்ணாமலை எழுந்து வந்து, "சின்னம்மா, எங்க போயிட்ட?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோதியம்மாள் அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டாள்.

பந்தியில் வேடியப்பன் புளிசாதத்தைப் பிசைந்தபடி பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேரிங்ல கொறையே கெடையாதுங்க. ரோட்டுல வளைவு சரியா போடல."

ஜோதியம்மாள் பஸ்ஸில் வீடு திரும்பினாள். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதையும் அவர் ரோட்டின் கணக்கில் எழுதிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் அவசரமாகக் கிளம்பி வாசலில் நிற்கும்போது, "இரு, இதைவிட நல்லதாப் பாத்துடலாம்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நினைவில்லையென்றால் வீட்டம்மாவைக் கேளுங்கள். கையில் கனமான பாத்திரம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.