சூரியன் சுற்றிய வாரம்

கேள்வியைக் கேட்டுவிட்டு விரிவுரையாளர் வாயை மூடிக்கொண்டார். வகுப்பும் மூடிக்கொண்டது. மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லப் பார்த்தது.

அவர் வேலையில் சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை. வாத்தியார் பேச்சைக் குறைத்தால்தான் மாணவர்களுக்கு யோசிக்க வரும் என்பது அவர் கொள்கை. அதை முதல் நாளே முதலாமாண்டு இயற்பியல் வகுப்பில் முழங்கியும் வைத்திருந்தார்.

"யாராவது ஏதாவது சொல்லுங்கப்பா."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"சார், ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

மாலையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"என்கிட்ட ஏதாவது தப்பாச் சொன்னா நான் சும்மா இருப்பேனா?" என்றாள் அவள். "அங்கயும் அப்படிச் சொல்லிப் பாருங்க. தன்னால வாய் திறக்கும்."

அவருக்குப் பொறி தட்டியது. மறுநாள் கொஞ்சமும் கூசாமல், "காத்தே இல்லாத இடத்துலயும் இறகைவிடக் கல்லுதான் சீக்கிரம் விழும்" என்று சொல்லிவிட்டு, யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தார்.

அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

தப்பு போதவில்லை போலும் என்று அடுத்த வகுப்பில் அதைப் பெரிதாக்கினார். "பூமி அசையவே அசையாது. சூரியன்தான் அதைச் சுத்தி வருது."

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"சார், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

"அஞ்சு" என்றார், ஈனஸ்வரத்தில்.

"அப்ப படம் போடணுமே சார்?"

போட்டார். அம்புக்குறி சகிதம்.

வாரக் கடைசியில் துறைத்தலைவி கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மாள் நீட்டிய கைபேசியில் அதே படம்.

"பக்கத்து செக்‌ஷன் வரைக்கும் போயிருக்கு. என்ன சார் இது?"

"மேடம், இது ஒரு கற்பித்தல் முறை..."

"முறையெல்லாம் போதும். திங்கட்கிழமையிலிருந்து புத்தகத்தைப் பார்த்து வாசிங்க, அவங்க எழுதிக்கட்டும். முடியாதுன்னா இந்தப் பருவத்தோட வேற இடம் பார்த்துக்குங்க."

திங்களன்று புத்தகமும் கையுமாக வகுப்புக்குள் நுழைந்தார். அதைத் திறக்க மனம் வரவில்லை. வேலை போனால் போகிறது, இந்தப் பிள்ளைகள் சூரியனைச் சுற்றவிட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போகக் கூடாது.

"போன வாரம் நான் சொன்னது ரெண்டுமே தப்பு" என்றார். "கல்லும் தப்பு, சூரியனும் தப்பு."

வகுப்பு ஒரு கணம் அவரையே பார்த்தது. பிறகு கைதட்டல் எழுந்தது. சிலர் பெஞ்சையும் தட்டினார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத ஒருத்தி நடு வரிசையிலிருந்து எழுந்தாள்.

"அன்னைக்கே எங்களுக்குத் தெரியும் சார். நாங்களே சொல்லிட்டா நீங்களா யோசிச்சுக் கண்டுபிடிக்க மாட்டீங்களேன்னுதான் எல்லாரும் பொறுமையா இருந்தோம்."